பாட்டிக்கு உரிய பேத்தி: ஹவாய்க் குடும்பங்களில் பெண் குழந்தைகளின் அன்றாடம்

ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடிகளிடையே வழங்கிய குடும்ப முறைப்படி, தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் தந்தையின் பெற்றோரும், பெண்ணாகப் பிறந்தால் தாயின் பெற்றோரும் அதைத் தம்மிடமே வைத்து வளர்க்கும் உரிமை உடையவர்கள். அவர்கள் கேட்டால் மறுப்பது முறையன்று, அவர்களாக விட்டுக்கொடுத்தால்தான் பிள்ளை பெற்றவர்களிடம் தங்கும். ‘ஹானாய்’ எனப்படும் இவ்வளர்ப்பில் ஒளிவுமறைவு கிடையாது. தன்னைப் பெற்றவர் யார், வளர்ப்பவர் யார் என்பதை அறிந்தே குழந்தை வளரும், இரு வீடுகளிலும் அதற்கு இடம் உண்டு. பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, அத்தை மாமன், ஹானாயாக வந்தவர்கள் என எல்லாரையும் உள்ளடக்கிய அந்த விரிந்த குடும்ப வட்டமே ‘ஓஹானா’. அதற்குள் ‘டூட்டூ’ என்று பேரப்பிள்ளைகளால் அழைக்கப்படும் பாட்டியின் கடமை, சோறூட்டுவதோடு முடிவதில்லை. பாட்டு, ஆட்டம், மூலிகை, குலமுறை, பேச்சு ஒழுங்கு ஆகியவற்றைப் பேத்தியிடம் சேர்ப்பதும் அவள் பொறுப்பு. கடந்த இரு நூற்றாண்டுகளில் ஹவாய்ப் பண்பாடு பட்ட அடிகளுக்குப் பிறகும் அதில் இவ்வளவு எஞ்சியிருப்பதற்கு, எந்த நிறுவனத்தையும் விட இந்தப் பாட்டி-பேத்தி வழியே பெருங்காரணம் என்று கொள்ள இடமுண்டு. இன்று அங்கே பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் காணப்படும் சின்னச் சின்ன மகிழ்ச்சிகள் பலவும் அவ்வழியே வந்து சேர்ந்தவை.

இதற்கு மிகச் சிறந்த சான்று மேரி கவேனா பூகூயி. 1895-இல் ஹவாய்ப் பெருந்தீவின் காஊ வட்டாரத்தில், ஹவாய்த் தாய்க்கும் மாசசூசெட்ஸிலிருந்து வந்த அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த அவர், பழைய முறைப்படியே தாய்வழிப் பாட்டியிடம் ஹானாயாக ஒப்படைக்கப்பட்டார். அந்தப் பாட்டி, ஹவாய் அரசி எம்மாவின் அவையில் ஆடியவர். அவரிடமிருந்து பேத்தி கற்ற சொற்களும் கதைகளும் பழமொழிகளும் பின்னாளில் சாமுவேல் எல்பர்ட் என்ற மொழியியலாளருடன் சேர்ந்து அவர் தொகுத்த ஹவாய் அகராதியாக 1957-இலும், ஏறத்தாழ மூவாயிரம் பழமொழிகளின் தொகுப்பாக 1983-இலும் அச்சேறின. இன்று ஹவாய்க் குடும்ப வழக்கங்களைப் பற்றி யார் எழுதினாலும், ஹேண்டி என்ற அறிஞருடன் சேர்ந்து காஊ வட்டாரக் குடும்ப அமைப்பைப் பற்றி அவர் 1958-இல் எழுதிய நூலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வேறுவிதமாகச் சொன்னால், ஒரு சிறுமி பாட்டியிடம் கேட்டதே அங்கு மூலநூலாக நிற்கிறது. பூகூயி தாமும் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண் குழந்தையை ஹானாயாக ஏற்று வளர்த்தார். பேஷன்ஸ் நமாகா பேக்கன் என்று அறியப்பட்ட அம்மகள், பழைய ஹூலா ஆட்டங்களுக்கு அதிகாரபூர்வமான சான்றாளராகக் கொள்ளப்பட்டார். வழிவழி வரும் அறிவு இரத்தத்தைப் பார்த்து வரவில்லை.

தொப்புள்கொடியும் பெயரும்

குழந்தையின் வருகையைச் சுற்றியுள்ள சடங்குகளில் நிலத்தோடு அதைப் பிணைப்பவையே முதன்மையானவை. ‘பிக்கோ’ எனப்படும் தொப்புள்கொடித் துண்டு உலர்ந்து விழுந்ததும் அதைப் பத்திரமான இடத்தில் மறைத்து வைப்பது பழைய வழக்கம். ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவிற்குள் இருக்கும் பூவூலோவா என்ற எரிமலைப் பாறைவெளியில், 23,000-க்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்கள் உள்ளன; அவற்றுள் பெரும்பகுதி, பிக்கோவை வைப்பதற்காகக் குடையப்பட்ட சிறு குழிகளே. நஞ்சுக்கொடியைக் கழுவி வீட்டருகே ஒரு மரத்தடியில் புதைக்கும் வழக்கமும் உண்டு. மருத்துவமனைப் பிரசவம் பரவிய பின் நஞ்சுக்கொடி மருத்துவக் கழிவாகக் கருதப்பட்டு அவ்வழக்கம் இடர்ப்பட்டபோது, அதைக் குடும்பத்தார் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வகைசெய்யும் சட்டம் 2006-இல் நிறைவேறியது.

பெயரிடுவதிலும் அவசரம் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கனவில் கண்ட பெயர், அடையாளமாகத் தோன்றிய காட்சியிலிருந்து எடுத்த பெயர், ஆளற்ற இடத்தில் குரலாகக் கேட்ட பெயர் என்று பெயர்கள் வகைப்படுத்தப்பட்டிருந்தன. கனவில் வந்த பெயரை மறுத்தால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சினார்கள். நான்காம் கமேஹமேஹா மன்னரின் ஆட்சியில் 1860-இல் வந்த பெயர்ச் சட்டம், குழந்தைகள் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு கிறித்தவ முதற்பெயரும் பெற வேண்டும் என்று விதித்ததால், ஹவாய்ப் பெயர் நடுப்பெயராக ஒதுங்கியது. 1967 வரை அச்சட்டம் நீக்கப்படவில்லை. மேரி, ரூத், எமிலி என்ற முதற்பெயருக்குப் பின்னால் நீண்ட ஹவாய்ப் பெயர் ஒளிந்திருக்கும் முறை ஒரு நூற்றாண்டாகப் பழகிப்போனது. அந்தப் பெயரால் அழைப்பவர் பெரும்பாலும் பாட்டியே. பெயருக்குரியவரைப் போற்றி இயற்றும் ‘மேலே இனோவா’ என்ற பெயர்ப்பாட்டு அரசகுலத்தார்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அன்புக்குரிய மகளுக்கும் பேத்திக்கும் வீட்டார் இயற்றுவது உண்டு.

முதற் பிறந்தநாள் விருந்து ஹவாயில் ஒரு திருமண விருந்துக்கு ஈடாக நடக்கும். 1778-இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகு பரவிய அம்மை முதலிய நோய்கள், லட்சக்கணக்கில் இருந்த பூர்வகுடி மக்கள்தொகையை 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 40,000 ஆகச் சுருக்கிவிட்டன. குழந்தை ஓராண்டைக் கடப்பதே கொண்டாடத்தக்க செய்தியாக இருந்த அக்காலத்தின் எச்சமாகவே இவ்விருந்தின் ஆரவாரம் விளக்கப்படுகிறது. இன்று அதன் பந்தியில், மண்ணடுப்பில் வெந்த பன்றியிறைச்சிக்கும் தேங்காய்ப்பாலில் செய்த ஹௌப்பியா என்ற இனிப்புக்கும் பக்கத்தில் ஜப்பானியச் சுஷியும் சீன நூடுல்ஸும் பிலிப்பினோ லும்பியாவும் இருக்கும். கரும்புத் தோட்டங்களுக்கு வந்த பல நாட்டுத் தொழிலாளரின் சந்ததியோடு ஹவாய்க் குடும்பங்கள் கலந்ததன் கணக்கை அந்தப் பந்தியே சொல்லும். விருந்தின் நாயகி பாதியில் தூங்கிவிடுவதும் உண்டு.

ஒரே பாத்திரம்

தந்தையும் மகளும் ஒன்றாக அமர்ந்து உண்பது ஹவாயில் எப்போதும் இருந்த வழக்கமன்று என்பது பலர் அறியாதது. 1819 வரை நடைமுறையில் இருந்த ‘ஆய் கபு’ என்ற விலக்கு முறையின்படி ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்ணக் கூடாது. பன்றியிறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் ஆகியவை பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. சமையல் ஆண்களின் வேலை. மகன் ஐந்தாறு வயதில் ஆண்களின் உணவு மனைக்கு மாறிவிட, மகள் தாயோடும் பாட்டியோடும் தங்கிவிடுவாள். மன்னர் முதலாம் கமேஹமேஹா இறந்த பின், அவருடைய மனைவியரான காவஹுமானு, கேயோபூவோலானி ஆகிய இரு பெண்களின் தூண்டுதலால் இளம் மன்னர் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டதோடு அந்த விலக்கு உடைந்தது. குடும்பம் முழுவதும் ஒரு பாத்திரத்தைச் சுற்றி அமரும் காட்சிக்கு இருநூறு ஆண்டுக்குச் சற்று மேலான வயதுதான். அதைத் தந்தவர்கள் பெண்கள்.

அந்தப் பாத்திரத்தில் இருப்பது ‘போயி’. தமிழகத்தில் சேம்பு என்று அறியப்படும் செடியே ஹவாயில் ‘கலோ’. அதன் கிழங்கை வேகவைத்துத் தோல்நீக்கி, பலகையில் இட்டுக் கல்லால் இடித்து, நீர் சேர்த்துக் குழைத்தால் கிடைக்கும் இளம் ஊதாநிறக் கூழே போயி. பல்முளைக்காத குழந்தைக்கு முதலில் ஊட்டப்படும் திட உணவு அதுவே. எளிதில் செரிக்கும், ஒவ்வாமை தருவது அரிது. ஹவாய்த் தொன்மத்தின்படி, வாகேயாவுக்கும் ஹோவோஹோகூகலானிக்கும் உயிரின்றிப் பிறந்த முதற்குழந்தையைப் புதைத்த இடத்தில் கலோ முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவா என்ற மகனிலிருந்து மனித குலம் வந்தது. ஆகவே சேம்பு மனிதருக்கு மூத்த உடன்பிறப்பு. போயிப் பாத்திரம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டையோ கடுஞ்சொல்லோ கூடாது என்ற கட்டுப்பாடு இதிலிருந்து வந்ததே. உடன்பிறந்தார் இருவர் சண்டையிடும் வீட்டில் தாய்க்கு இதைவிட வசதியான இறையியல் கிடைப்பது கடினம். இடிக்கும் கலை ஆலைப் போயியின் வருகையால் ஏறத்தாழ மறைந்து, அண்மைக் காலத்தில் மீண்டிருக்கிறது. கையால் இடித்த கலோவை விற்பதற்கு உரிய சுகாதார விதித் தளர்வு 2011-இல் சட்டமாயிற்று. தந்தை மகளுக்கென்று சிறு கல் ஒன்றைத் தேர்ந்து கொடுத்து அருகில் அமர்த்திக்கொள்வது இப்போது இயல்பாகி வருகிறது, பழங்காலத்தில் இது ஆண்களின் வேலையாக இருந்தபோதிலும்.

பூத்தொடுக்கும் இரவு

‘லேய்’ எனப்படும் மாலை ஹவாய்க்கு வருவோரை வரவேற்கும் பொருளாகவே வெளியுலகிற்கு அறிமுகம். விமான நிலையத்தில் விற்கப்படும் அந்த மாலைக்கும் வீட்டில் தொடுக்கப்படும் மாலைக்கும் உள்ள தொலைவு பெரிது. மே மாதம் முதல் நாள், 1928 முதல் ஹவாயில் லேய் நாளாகக் கொண்டாடப்படுகிறது. தொடக்கப் பள்ளிகளில் அன்றோ அதையொட்டியோ நடக்கும் விழாவுக்கு முந்தைய மாலைப்பொழுதுகளில், முற்றத்து மரங்களிலிருந்து புளுமேரியாப் பூக்கள் (தமிழில் ஈழத்தலரி) கூடைகூடையாகப் பறிக்கப்பட்டு, நீண்ட ஊசியும் நூலும் கொண்டு கோக்கப்பட்டு, வாடாமலிருக்கக் குளிர்பெட்டிக்குள் அடுக்கப்படும். மீனும் பாலும் அன்று வேறிடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளி விழாவில் அரசவை ஒன்று அமைக்கப்படும். எட்டுத் தீவுகளுக்கும் எட்டு இளவரசிகளாகச் சிறுமிகள் நிற்பார்கள், ஒவ்வொருத்தியின் உடைநிறமும் மாலையும் அவளுடைய தீவைச் சொல்லும். ஹவாய்ப் பெருந்தீவுக்குச் சிவந்த லெஹுவா, மாவிக்கு இளஞ்சிவப்பு ரோஜா, ஓவாஹுவுக்குக் குறுந்தோட்டி இனத்தைச் சேர்ந்த மஞ்சள் இலிமா, கவாயிக்கு மொகிஹானா என்ற நறுமணக் காய், மொலகாயிக்குக் குக்குயி மரத்தின் வெண்மையோடிய பச்சை இலை, லானாயிக்குச் செம்மஞ்சள் கொடி, யாரும் குடியிராத கஹோவலாவேக்குச் சாம்பல்நிற ஹினஹினா. நீஹாவுக்கு மட்டும் பூ இல்லை. அத்தீவின் கடற்கரையில் தாயும் மகளும் மணலில் முழந்தாளிட்டுப் பொறுக்கும் மணியளவுச் சிப்பிகளே அதன் மாலை. லெஹுவா பூக்கும் ஓஹியா மரங்களை ஒரு பூஞ்சை நோய் கொன்று வருவது 2014-இல் உறுதிசெய்யப்பட்ட பிறகு, அம்மரத்தின் பூவையும் கிளையையும் பறிக்க வேண்டாம் என்ற வேண்டுகோள் பரவியுள்ளதால், சிவப்புக்கு வேறு வழி தேடும் நிலை அந்தப் பெருந்தீவில் உண்டு.

தமிழர்க்கு நன்கு பழக்கமான ஒரு பூவும் இந்த வரிசையில் இருக்கிறது. ஹவாயில் ‘பீக்காக்கே’ என்று பெயர்பெற்றது குண்டுமல்லியே. மயில்களையும் மல்லிகையையும் விரும்பிய இளவரசி கையூலானியின் (1875–1899) நினைவாகப் பூவுக்கும் மயிலின் பெயர் வந்தது. மதுரையில் நாரில் கட்டப்பட்டுக் கூந்தலுக்குப் போகும் அதே மொட்டு, அங்கே ஊசியால் கோக்கப்பட்டுக் கழுத்துக்குப் போகிறது. மாலை பற்றிய விதிகளும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன: கொடுத்தவர் முன் அதைக் கழற்றலாகாது, கருவுற்ற பெண்ணுக்கு முடிச்சிட்ட மாலை போடாமல் முனை திறந்த மாலையே போட வேண்டும், இல்லையேல் கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றும் என்பது நம்பிக்கை, வாடிய மாலையைக் குப்பையில் எறியாமல் மரத்தில் தொங்கவிட வேண்டும், அல்லது மண்ணுக்குத் திருப்பித்தர வேண்டும்.

லேய் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்றால், மார்ச் 3-ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கே உரியது. ஜப்பானியத் தோட்டத் தொழிலாளர் கொண்டுவந்த பொம்மைத் திருவிழா, ஹவாயில் ‘கேர்ள்ஸ் டே’ என்ற பெயரில் இனம் கடந்து பரவிவிட்டதால், ஜப்பானிய உறவே இல்லாத வீட்டிலும் அன்று மகளுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையுமான மோச்சிப் பலகாரம் கிடைக்கும்.

வாசலில் நின்று பாடுதல்

ஹவாய்ச் சிறுமியின் வாரத்தில் மிக முக்கியமான நேரம் எது என்று கேட்டால், பல வீடுகளில் ஹூலா வகுப்பு என்ற விடையே வரும். ‘ஹாலாவ்’ எனப்படும் ஆட்டப் பள்ளியில் ஆசிரியர் ‘குமு ஹூலா’. சிறுமிகள் செருப்பை வெளியே விட்டு, கதவருகே வரிசையாக நின்று, உள்ளே வர அனுமதி கேட்கும் பாட்டைப் பாடுவார்கள். உள்ளிருந்து ஆசிரியர் மறுமொழியாகப் பாடிய பிறகே காலெடுத்து வைக்கலாம். பாட்டு சரியில்லை என்றால் வாசலிலேயே நின்று திரும்பப் பாட வேண்டும். ஹூலாவில் சொல்லே முதன்மை. சொல்லுக்கு ஏற்பக் கை மலையாகவும் மழையாகவும் மாறுகிறதே அன்றி, அசைவுக்காகப் பாட்டு எழுதப்படுவதில்லை. எனவே மொழி மறந்த காலத்திலும் ஆறு வயதுச் சிறுமியின் வாயில் அந்த மொழி வரிவரியாக உயிரோடு இருந்தது.

இந்த ஆட்டம் எளிதாகப் பிழைத்து வரவில்லை. கிறித்தவத்தை ஏற்ற காவஹுமானு 1830-இல் பொது இடங்களில் ஹூலாவைத் தடைசெய்தார். கலாகவுவா மன்னர் தம் 1883-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவில் அதை மீண்டும் அரண்மனை முற்றத்துக்குக் கொண்டுவந்தார். 1893-இல் அவருடைய தங்கை லிலியுவோகலானி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்ட பின் அவையே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு ஆட்டம் தங்கிய இடம் வீடுதான். அவை ஆட்டக்காரியான கேயாஹி லூவாஹினே, தம் உடன்பிறந்தாரின் பேத்தியை ஹானாயாக எடுத்து வளர்த்தார். அச்சிறுமியே பின்னர் இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் ஹூலாக் கலைஞராக மதிக்கப்பட்ட இயோலானி லூவாஹினே (1915–1978). எடித் கனகாவோலே (1913–1979) தாயிடம் கற்றார், 1953-இல் தம் பள்ளியைத் தொடங்கினார், இறுதியில் அதை புவாலானி, நாலானி என்ற இரு மகள்களிடம் விட்டுச் சென்றார். அமெரிக்க அரசு 2023-இல் வெளியிட்ட கால் டாலர் நாணயம் ஒன்றில் அவருடைய முகம் உள்ளது. ஆண்டுதோறும் ஈஸ்டருக்குப் பிந்தைய வாரத்தில் ஹீலோ நகரில் நடக்கும் மெரி மோனார்க் விழாவின் போட்டிகள் அவர் பெயர் தாங்கிய அரங்கிலேயே நடக்கின்றன.

பெரியவர்களுக்கான அந்தப் போட்டி 1971-இல் தொடங்கிய சில ஆண்டுகளில், 1976-இல், லிலியுவோகலானி அரசியின் பெயரில் சிறுவர் சிறுமியர்க்கான போட்டி ஹொனலூலூவில் தொடங்கியது. மேடையில் சில நிமிடங்களே தோன்றும் ஒரு சிறுமிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு இருக்கிறது. தாயும் அத்தைகளும் இடுப்பில் பல வரிசை எலாஸ்டிக் கோத்த ‘பாவூ’ பாவாடையைத் தைப்பார்கள். தந்தை சுரைக்குடுவையைக் காயவைத்துத் தாளக்கருவி செய்வார். மாமன்மார் வாகன நிறுத்தத்தில் கரியடுப்பு மூட்டிச் சுட்ட கோழி விற்றுப் பயணச் செலவுக்குப் பணம் சேர்ப்பார்கள். பாட்டி கூந்தலை வாரி முடிந்துவிடுவாள். வகுப்புத் தோழியின் தாயும் ஆன்ட்டி, ஆசிரியரின் தமக்கையும் ஆன்ட்டி, தையல் தெரிந்த அடுத்த வீட்டுக்காரரும் ஆன்ட்டி என்று, இரத்த உறவின்றியே உறவினர் பெருகும் இடமும் இதுவே. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அச்சிறுமியைக் கண்டிக்கும் உரிமை உண்டு என்பதை அவள் மட்டுமே குறையாகக் கருதக்கூடும்.

ஆட்டம் போலவே விளையாட்டிலும் பாட்டியின் கை உண்டு. விரல்களில் கயிற்றைப் பின்னி உருவங்கள் காட்டும் ‘ஹேய்’ விளையாட்டுக்கு ஒவ்வோர் உருவத்துக்கும் பாட்டு உண்டு. தமிழ்ச் சிறுமியர் ஆடும் ஐந்தாங்கல்லைப் போன்றது ‘கிமோ’. கடலில் தந்தையே ஆசான். ஹொனலூலூவில் பிறந்து, ஐந்து வயதளவில் வைக்கிக்கி அலைகளில் தந்தையிடம் பலகைச் சவாரி கற்ற கரிசா மூர், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவ்விளையாட்டுக்கு வழங்கப்பட்ட முதல் பெண்கள் தங்கத்தை வென்றார். மாகாஹா என்ற ஊரின் அலைச்சவாரி வீராங்கனை ரெல் சன் 1976-இல் அவ்வூர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அலைச்சவாரிப் போட்டி, பரிசுக்காக அன்றி, பிள்ளைகளைக் கடற்கரைக்கு இழுப்பதற்காகவே பெயர்பெற்றது.

மகளிடம் கற்கும் தாய்

இந்த மகிழ்ச்சிகளுக்கு விலை உண்டு. வீட்டு விலையும் வாடகையும் அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த நிலையில் இருப்பதால், 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பூர்வகுடி ஹவாயர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தீவுகளுக்கு வெளியே வாழ்கிறார்கள். அவர்கள் பெருமளவில் குடியேறிய லாஸ் வேகாஸ் ‘ஒன்பதாவது தீவு’ என்று கேலியாகவும் ஏக்கமாகவும் அழைக்கப்படுகிறது. பாட்டி ஹீலோவிலும் பேத்தி நெவாடாப் பாலைவனத்திலும் இருக்கும்போது, சனிக்கிழமை ஹாலாவ் மட்டுமே இருவரையும் இணைக்கும் கயிறாக எஞ்சுகிறது.

மொழியின் கதையில் அந்தப் பாட்டி-பேத்தி வழி தலைகீழானது. ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் 1896-இல் வந்த சட்டம் ஆங்கிலத்தையே பள்ளிகளின் பயிற்றுமொழியாக்கியது. வகுப்பறையில் ஹவாய் மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற தலைமுறை, தம் பிள்ளைகளைக் காக்கும் எண்ணத்தில் வீட்டிலும் அதைப் பேசாமல் விட்டது. 1978-இல் மாநில அரசமைப்பு அதை ஆட்சிமொழியாக ஏற்றபோதும், 1980-களின் தொடக்கத்தில் நீஹாவுக்கு வெளியே அம்மொழியைச் சரளமாகப் பேசும் சிறார் ஐம்பது பேருக்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டது. பாட்டிமார் மறைந்துகொண்டிருந்தார்கள், நடுவில் இருந்த தாய்மாருக்கு மொழி தெரியாது. 1983-இல் நிறுவப்பட்ட ‘ஆஹா பூனானா லேயோ’ அமைப்பு, அடுத்த ஆண்டு கவாயித் தீவின் கெகாஹாவில் தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்து, மொழியறிந்த முதியவர்களை நேராகக் குழந்தைகளுக்கு நடுவே அமர்த்தியது. 1986-இல் சட்டத்தடை விலகியது, 1987-இல் அரசுப் பள்ளிகளில் ஹவாய்வழி வகுப்புகள் தொடங்கின, 1999-இல் முதல் அணி பள்ளிப்படிப்பை முடித்தது.

பூனானா லேயோவில் பிள்ளையைச் சேர்ப்பவர் கட்டணம் கட்டுவதோடு விடுபட முடியாது. பெற்றோரும் மொழி வகுப்புக்கு வர வேண்டும், பள்ளி வேலையில் மாதந்தோறும் பங்கெடுக்க வேண்டும். அதனால் நான்கு வயது மகள் சாப்பாட்டு மேசையில் தாயின் உச்சரிப்பைத் திருத்துவதும், தூங்கும் முன் கதைப்புத்தகத்தில் தந்தை தடுமாறும் சொல்லை எடுத்துக்கொடுப்பதும் அவ்வீடுகளின் அன்றாடமாயின. அப்படித் திருத்திய சிறுமிகளில் பலர் இப்போது தாய்மார்கள். சிலர் அதே பள்ளிகளில் ஆசிரியைகள். அவர்களுடைய குழந்தைகளுக்கு ஹவாய் மொழி வகுப்பறைக்குப் போகும் முன்பே வீட்டில் கிடைத்துவிடுகிறது.